வீட்டோரத்து மரமும் மேலே வந்த வேரும்: எங்கே என்ன பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகும் இடங்களில் ஓயாமல் காதில் விழும் புகார் இது: "வேர் எல்லாத்தையும் தூக்குது சார், மரத்தை வெட்டிடலாமா?" பெரும்பாலான வீடுகளில் மரத்தை வெட்டத் தேவையே இருக்காது. ஓரிடத்தில் வேர் கூட்டமாக வந்திருக்கிறது என்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வேரை மட்டும் நறுக்கினால், இரண்டு மழைக்காலம் கழித்து அதே கொத்தனார் அதே இடத்தைக் கொத்திக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலிலும் பெரிய செலவு கடைசியிலும் வரும். வேரை வெட்டுகிற எண்ணம் இருந்தால் மட்டும் "வெட்டும் முன் கயிறு பிடித்து அளங்கள்" என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

## மரமே சாய்கிறது, அடிமண் பிளந்திருக்கிறது

சின்ன வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் வேறு, போன மாதம் நேராக நின்று இப்போது சாய்ந்திருக்கும் மரம் வேறு. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போய்த் தரையைப் பாருங்கள். மண் வெடித்து மேடிட்டிருக்கிறதா? காற்றடிக்கும்போது அந்த மேடு லேசாக ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் வேர்ப்பிடி விட்டுப்போயிற்று. அடிமரத்தில் காளான் அடுக்கடுக்காக முளைத்திருப்பதும், தட்டினால் உள்ளே பொத்தலாக ஒலிப்பதும் கெட்ட அறிகுறிகள்.

இந்த நிலையில் நீங்கள் செய்ய வேண்டியது வண்டிகளை நகர்த்துவதும் அந்தப் பக்கத்து அறையில் யாரையும் படுக்கவிடாமல் பார்ப்பதும்தான். வேரைத் தொடாதீர்கள். வீட்டுத் தூணில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். தெருவோர மரம் என்றால் உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள், சென்னை மாநகராட்சி என்றால் 1913. மின்கம்பி பக்கம் சாய்ந்திருந்தால் முதல் அழைப்பு மின்வாரியத்துக்கு. உங்கள் காம்பவுண்டுக்குள் என்றால் கயிறு போட்டு மேலேறி, கிளை கிளையாக இறக்கத் தெரிந்த ஆட்கள்தான் வேண்டும்.

## வெட்டும் முன் கயிறு பிடித்து அளங்கள்

நெஞ்சுயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, சுற்றளவு வரும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை அடிமரத்திலிருந்து தரையோடு நீட்டிப் பிடியுங்கள். அந்த முடிச்சுக்குள் இருக்கும் எந்தப் பெரிய வேரையும் வெட்டக்கூடாது. மரம் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அவைதான். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தாண்டி வெட்டினால் ஓரளவுக்குப் பயமில்லை. 4 அடிச் சுற்றளவுள்ள மரத்துக்கு 4 அடி வரை தொடக்கூடாத இடம், 6 அடிக்கு அப்பால் வெட்டலாம். இடைப்பட்ட 2 அடியில் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மரம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தடிமனும் கணக்கு. கட்டைவிரல் தடிமன் வரை தாராளமாக நறுக்கலாம். 2 அங்குலத்துக்கு மேல் போனால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஒரே வருடத்தில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும். அடுத்த பக்கத்துக்கு இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு பக்கம் சாலைக் கான்கிரீட், மறு பக்கம் கேபிளுக்கும் கால்வாய்க்கும் தோண்டிய பள்ளம் என்று வேர் போக இடமில்லாமல் நின்ற மரங்கள் அந்தக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால்தான் வேர் வெட்டும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மண்ணில் ஈரம் இருக்கும், ஆடிக்காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கும் முன்னால் மரம் கொஞ்சம் தேறிக்கொள்ளும். புரட்டாசியில் வேரை வெட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

வெட்டுவது ரம்பத்தால் இருக்கட்டும். ஜேசிபி வாளியால் இழுத்துப் பிய்த்தால் வேர் அடிமரம் வரை நாராகக் கிழிந்து அந்த வழியே அழுகும். வெட்டுவாயில் தார், பெயின்ட் எதுவும் வேண்டாம், மண்ணைப் போட்டு மூடினால் போதும்.

பொது இடத்து மரத்தின் வேரையோ கிளையையோ அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு மரம் என்றால் முதலில் அவர்களைக் கூட்டிவந்து காட்டிப் பேசுங்கள். நீங்கள் வெட்டிய வேரால் மரம் அவர்கள் வீட்டு மேல் விழுந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

## முற்றத்துப் பேவர் பிளாக் அல்லது சிமென்ட் தளம் தூக்கிக்கொண்டது

முதலில், வேர்தானா என்று பாருங்கள். தூக்கியிருக்கும் மேடு மரத்திலிருந்து கிளம்பி ஒரு கோடாக நீள்கிறதா, இல்லை மரத்துக்குச் சம்பந்தமில்லாமல் திட்டாகப் பள்ளமும் மேடுமாக இருக்கிறதா? திட்டாக இருந்தால் அடிமண் இறங்கியிருக்கிறது. அது எலிவளையாக இருக்கலாம், மழைநீர் மணலை அரித்திருக்கலாம். மரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

கோடாக இருந்தால், மேட்டின் உச்சியில் இருக்கும் நான்கைந்து பேவரைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் எம்-சாண்ட் படுக்கைக்குள்ளேயே வேர் ஓடுவது தெரியும். மேல்பக்கம் பேவரின் அச்சு பதிந்து சப்பையாகவும், பட்டை தேய்ந்து வெளிறியும் இருக்கும். தளத்துக்கு அடியில் வெயில் படாது, ஈரம் காயாது. கீழே திமிசு போட்டு இறுக்கிய மண். அப்படியானால் வேருக்கு இருக்கும் ஒரே வழி அந்த மணல் படுக்கைதான்.

இனி காரணங்கள், மலிவிலிருந்து.

தினமும் ஹோஸ் பிடித்து மேலாக நனைப்பது. ஏசி தண்ணீர்க் குழாய், வாஷிங் மெஷின் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர் தளத்தின் ஓரத்தில் விழுவது. இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். ஏசி குழாயை 10 அடி தள்ளி, மரத்தின் மறுபக்கம் விடுங்கள். மரத்துக்குத் தண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்றால் வாரம் ஒருமுறை, தளம் இல்லாத பக்கத்தில், ஆழமாக இறங்கும்படி விடுங்கள். ஏற்கெனவே தடித்த வேர் இதனால் இளைத்துவிடாது, ஆனால் புதிது வருவது குறையும்.

அடிமரத்தை ஒட்டித் தளம் போட்டிருப்பது. மரத்தைச் சுற்றிக் குறைந்தது 3 அடி எல்லாப் பக்கமும் திறந்துவிடுங்கள். டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டர் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அதைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் விட்டால் நல்லது.

படுக்கையே தவறு. பேவரை எடுத்த இடத்தில் மணலை வாரிவிட்டு, 4 அங்குல ஆழத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி நிரப்புங்கள். ஜல்லிக்கு நடுவே காற்றுதான் இருக்கும், ஈரம் நிற்காது, அதனால் வேர் அதற்குள் வராமல் கீழே இறங்கிப் போகப் பார்க்கும். ஜல்லி மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விடும், மணலை விடாது), அதன் மேல் ஓர் அங்குல மணல், பிறகு பேவர். நடுவில் ஒரு தடித்த வேர் குறுக்கிட்டால் அதைச் சீவிச் சமப்படுத்தாதீர்கள். தளத்தையே அந்த இடத்தில் சரிவாக ஏற்றி இறக்கிவிடுங்கள். பார்க்க அத்தனை அழகாக இருக்காது, ஆனால் தடுக்கி விழ மாட்டீர்கள்.

கடைசியாக வேர்த்தடுப்பு. கயிற்றளவுக்கு (மேலே கயிறு பிடித்து அளந்த முடிச்சுத் தூரம்) வெளியே, மரத்துக்கும் தளத்துக்கும் நடுவில் 2 முதல் 3 அடி ஆழத்துக்குக் குறுகலாகக் கால்வாய் வெட்டி, தடித்த எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட்டை நிறுத்தி மண் தள்ள வேண்டும். ஷீட்டின் மேல் விளிம்பு மண்ணுக்கு மேல் ஓர் அங்குலம் தெரியட்டும். மூடிவிட்டால் வேர் அதன் மேலேறிக் கடந்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனரை மடித்து இறக்குவது வீண் வேலை. கடப்பா கல்லை வரிசையாக நிறுத்தினாலும் இடுக்கு வழியே வேர் வந்துவிடும்.

கார் நிற்கும் போர்டிகோ தளமோ அதன் தூணோ சேர்ந்து தூக்கியிருந்தால் இங்கேயே நிறுத்தி எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

## வேர் மண்ணுக்கு மேல் தெரிகிறது, எதுவும் உடையவில்லை

இதற்கு எதுவும் செய்யாமலிருப்பதே வைத்தியம். தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, நாட்டு வாதுமை, அரசு, ஆல் எல்லாம் பருத்த வேரை மேலே காட்டித்தான் வளரும். நடக்க இடைஞ்சலாக இருந்தால் காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ 2 அங்குலத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டாமல். செம்மண் டிராக்டரில் கொட்டி ஒரு அடி உயர்த்துகிறார்கள், அது மரத்தைக் கொல்கிற வழி. வேருக்குக் காற்று வேண்டும்.

தென்னைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தென்னை வேர் பென்சில் தடிமனைத் தாண்டிப் பருக்காது. சுவரைப் பிளக்கும் வலு அதற்குக் கிடையாது.

## காம்பவுண்ட் சுவர் பிளந்திருக்கிறது அல்லது சாய்கிறது

வீட்டுச் சுவரைவிட இதுதான் அடிக்கடி அடிவாங்கும். ஒன்றரை அடி ஆழத்தில் நாலரை அங்குலச் சுவரோ ஹாலோ பிளாக்கோ நிற்கும். மேலே எடை இல்லை, வேர் பருத்தால் அப்படியே தூக்கிவிடும்.

தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். 5 அடி உயரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் பூச்சு வேலைக்கு யாரையும் கூப்பிடாதீர்கள், அந்தப் பகுதியை இறக்குவதுதான் முடிவு. அதுவரை சுவரோரம் யாரும் நிற்கவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம்.

சாயாமல் பிளவு மட்டும் இருந்தால் அடியில் ஒரு முழம் தோண்டுங்கள். வேர் சுவரைத் தொடாமல் ஓடினால் பிளவுக்குக் காரணம் வேறு. மழைநீர் வெளியேற ஓட்டை விடாமல் கட்டிய சுவர்களும் இப்படித்தான் பிளக்கும். வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் நுழைந்திருந்தால், கயிற்றளவுக்கு வெளியே என்றால் வெட்டிவிட்டுச் சுவரை ஒட்டுப்போடலாம். உள்ளே என்றால் அந்த இடத்துச் சுவரை எடுத்து, இருபுறமும் குட்டைத்தூண் எழுப்பி, வேருக்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டு பீம் போட்டு அதன் மேல் கட்டவேண்டும். இன்னும் மலிவாக, அந்த ஆறடிக்குச் சுவரே இல்லாமல் கிரில் வைத்துவிடலாம். நான் சொல்வது பெரும்பாலும் கிரில்தான், மரம் இன்னும் பருக்கும் இல்லையா.

## வீட்டுச் சுவரில் விரிசல்

பயம் அதிகமாகவும் தவறான தீர்ப்பு அதிகமாகவும் இருக்கும் இடம் இது. இரண்டு மாடி வீட்டின் எடையை வேர் தூக்குவது மிக அரிது, அது சுற்றிக்கொண்டு போய்விடும். மரம் வீட்டுக்குச் செய்யும் கெடுதல் வேறு வழியில் வரும். களிமண்ணிலும் கரிசலிலும் கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் ஒரு மூலையில் இறங்கும். கடற்கரை மணலில் நிற்கும் வீட்டுக்கு இந்தக் கதை பொருந்தாது.

விரிசலின் போக்கைப் பாருங்கள்.

பீமுக்கும் செங்கலுக்கும் நடுவே படுக்கையாக ஓடுவது, தூணை ஒட்டி நேராக இறங்குவது, முடி போல் வலைபின்னிய பூச்சு விரிசல்: மூன்றுக்கும் மரம் காரணமில்லை.

ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசைப்படி படிப்படியாகச் சாய்ந்து இறங்குவது, அதுவும் மரம் இருக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும் என்றால் சந்தேகப்படலாம். விரிசலின் இருபுறமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, நடுவிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அளங்கள். சித்திரை, வைகாசியில் அகன்று கார்த்திகையில் ஒடுங்கினால் மண் சுருங்கி விரிகிறது, மரத்துக்குப் பங்கு உண்டு. மழைக்காலத்தில் அகன்றால் வேறு திசையில் தேடவேண்டும், பெரும்பாலும் உடைந்த குழாயோ, சுவரோரம் கொட்டும் மாடித் தண்ணீரோதான்.

சரி, மரம்தான் என்று தெரிந்துவிட்டது. முதலில் தழையைக் குறையுங்கள். கிளையைக் கவாத்து செய்தால் மரம் குடிக்கும் தண்ணீர் குறையும். மொட்டையடிக்காமல், கால்வாசி மட்டும். அப்புறம் கயிற்றளவுக்கு வெளியே சுவரை ஒட்டி வேர்த்தடுப்பு. மரத்தை ஒரேயடியாக எடுப்பது களிமண்ணில் தனி ஆபத்து: பல வருடம் காய்ந்து கிடந்த மண் ஈரத்தை வாங்கிப் பருத்து, இறங்கிய மூலையை மேலே தள்ளும். மரத்தை எடுத்த பிறகு விரிசல் பெரிதான வீடுகள் உண்டு.

எஞ்சினியரைக் கூப்பிட வேண்டிய இடம் தெளிவு. 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல், முன்பு நன்றாக மூடிய கதவு இப்போது இடிப்பது, மூன்று அளவிலும் கூடிக்கொண்டே போவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், விரிசலை நிரப்பிப் பெயின்ட் அடிப்பதாகச் சொல்லி வருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

## கழிவுநீர்ச் சேம்பர் திரும்பத் திரும்ப அடைக்கிறது

ஸ்பிரிங் கம்பி விட்டால் சரியாகிறது, சில மாதத்தில் மறுபடி அடைக்கிறது, கம்பியின் நுனியில் பழுப்பு நிற நார் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த நாரைக் கழுவிப் பாருங்கள். நடுவில் ஒரு நூல் தண்டும் பக்கவாட்டில் மெல்லிய கிளைகளும் இருந்தால் வேர். வெறும் நூலாக இருந்தால் துணி, தலைமுடி.

வேர் நல்ல குழாயை உடைப்பதில்லை. எங்கோ கசிவு இருக்கிறது, அந்த ஈரத்தைத் தேடி வந்து இடுக்கில் நுழைந்து உள்ளே பருக்கிறது. ஆகவே தேட வேண்டியது கசிவை.

சேம்பர் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றாடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். உட்சுவர்ப் பூச்சு வெடித்து அதன் வழியே வேர் தொங்கினால் அதிர்ஷ்டம், வேரை வெட்டியெடுத்து நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்துப் பூசினால் முடிந்தது. குழாய் சேம்பரில் சேரும் வாயைச் சுற்றி வந்தால் அந்த வளையத்தைக் கொத்தி மறுபடி அடைக்க வேண்டும், அரைநாள் வேலை.

குழாய்க்குள்ளிருந்து வேர் நீட்டிக்கொண்டிருந்தால் செலவு கூடும். கம்பி எத்தனை அடியில் முட்டுகிறது என்று கயிறு கட்டிக் குறித்து, தரைக்கு மேல் அதே தூரத்தை அளந்தால் தோண்டவேண்டிய இடம் கிடைக்கும். பழைய வீடுகளில் அங்கே ஸ்டோன்வேர் குழாய் இருக்கும். குட்டைக் குட்டைக் குழாய்களைச் சிமென்ட் வைத்து இணைத்தது, ஒவ்வொரு இணைப்பும் வேருக்கு வாசல். ஒரு இணைப்பைச் சரிசெய்து பயனில்லை, அடுத்ததில் நுழையும். மரத்தை ஒட்டிப் போகும் நீளத்தை முழுதாக எடுத்துவிட்டு பிவிசி போடுங்கள். 20 அடிக் குழாயின் நடுப்பகுதி மரத்துக்கு நேராக வரும்படி வைக்கச் சொல்லுங்கள், அப்போது மரத்தருகே இணைப்பே வராது. பிளம்பர் தானாக இதை யோசிக்க மாட்டார், கையில் இருக்கும் துண்டுக் குழாயை முதலில் முடிக்கத்தான் பார்ப்பார்.

மயில்துத்தம், ஆசிட், மூட்டை உப்பு கொட்டும் வைத்தியம் எல்லா ஊரிலும் சொல்வார்கள். நுனிவேர் கருகும், கசிவு அப்படியே இருக்கும், செப்டிக் டேங்கில் மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும்.

அலங்காரத்துக்கு வேலியோரம் கோனோகார்பஸ் நட்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். வேர் குழாய்களுக்குள் போவதும் அதன் மேலுள்ள புகார்களில் ஒன்று. குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதை நடத் தடை விதித்துவிட்டன.

செப்டிக் டேங்குக்குள் வேர் தெரிந்தால் உள்ளே யாரையும் இறக்காதீர்கள். "ஒரு நிமிஷம் இறங்கி வெட்டிட்டு வந்துடறேன்" என்று முன்வருபவரையும் விடாதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளை அடிக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட. கழிவுநீர் லாரியை வரவழைத்து இயந்திரத்தால் எடுத்த பிறகு மேற்கொண்டு பேசலாம். உங்கள் காம்பவுண்டைத் தாண்டிய தெருக்குழாயில் அடைப்பு என்றால் அது குடிநீர் வாரியம் அல்லது உள்ளாட்சியின் வேலை.

## சம்பில் தண்ணீர் நிற்கவில்லை, வேர் மிதக்கிறது

இரவில் வரத்துக் குழாயை மூடி, மோட்டாரை அணைத்து, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. இறங்கிய மட்டத்திலோ அதற்குக் கீழேயோதான் ஓட்டை இருக்கும், வேரும் அங்கேதான் தொங்கும். சம்பைக் காலிசெய்து, வேரைச் சுவரோடு நறுக்கி, சுற்றி ஒரு சாண் கொத்தி, தடுப்புக் கலவை போட்டுப் பூசவேண்டும்.

செலவை மிச்சம்பிடிக்காமல் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் வெளியே போகும் வழியில் மழைக்காலத்தில் வெளித்தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால், பூசி முடிக்கும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

## சுவரிலேயே அரசு, ஆல் முளைத்திருக்கிறது

பறவை எச்சத்தில் வந்த விதை. மேலே வெட்டிவிட்டால் வேர் உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். ஆசிட் ஊற்றினால் சிமென்டும் கம்பியும்தான் முதலில் சாகும். வேர் போகும் இணைப்பை உளியால் திறந்து, கடைசி நார் வரை இழுத்தெடுத்து, கலவை திணித்து அடைப்பது ஒன்றே வழி. வேர் பீம், கைப்பிடிச் சுவர், சன்ஷேடு ஆகியவற்றுக்குள் இறங்கியிருந்தால் கொத்தும் முன் எஞ்சினியர் பார்க்கட்டும், இழுக்கும்போது சன்ஷேடே கையோடு வரலாம்.

எங்கே முளைக்கும் என்பது தெரிந்ததுதான்: மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் வாய், சன்ஷேடின் மேல்பக்கம், ஏசி வெளிப்பெட்டிக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கும் சுவர். மழை ஓய்ந்ததும் ஒருமுறை மாடியேறிச் சுற்றிப் பாருங்கள். நாலு இலை விட்டிருக்கும்போது பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும்.